நாயை விரட்டினால் அரிப்புப் போய்விடுமா?



பசறைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் ஓர் அக்காவைச் சந்தித்தேன். 1983 கலவரத்துக்குப் பின் பதுளையை விட்டுக் கிளிநொச்சிக்குப் போன குடும்பத்தில் பிறந்தவர். 2009 இல் கணவரை இழந்து, முகாமில் இருந்து, கைக்குழந்தையோடு திரும்பி வந்தவர். அந்தப் பிள்ளை இப்போது ஓ.எல். எழுதக் காத்திருக்கிறாள்.

ஒரு மாதமாக அவளுக்கு அரிப்பு. முன்கை, வயிறு, தொடை எல்லாம் சிவந்த பருக்கள். மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றும் என்று பாடசாலையில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "சுத்தமில்லாத வீடு" என்று லயத்தில் பேச்சு. உண்மையைச் சொல்கிறேன், நானும் முதலில் "தினமும் குளிக்கிறீங்களா அக்கா?" என்றுதான் கேட்டேன். அவர் தலை குனிந்துகொண்டார். அந்தக் கேள்விக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

வாசலில் ஒரு நாய் விடாமல் சொறிந்துகொண்டிருந்தது. காது ஓரத்திலும் முழங்கை மூட்டிலும் முடி கொட்டி, தோல் தடித்திருந்தது. குளிர் இரவுகளில் மகளின் காலடியில்தான் அது படுக்குமாம். "அதைக் கொண்டுபோய் எங்கயாவது வுடச் சொல்றாங்க மிஸ். ஆம்பள இல்லாத வூடு. ராவுல யாராச்சும் வாசலுக்கு வந்தா அதுதானே கொலைக்குது" என்றார் அக்கா.

நாய்ச்சொறியை உண்டாக்குவது, தோலைத் துளைத்து வாழும் எட்டுக் கால் சிற்றுண்ணி. நாயை அணைக்கும்போதும், அது படுத்த துணியில் படுக்கும்போதும் அது நம்மீது ஏறும். ஆனால் மனிதத் தோலில் அது இனம் பெருக்குவதில்லை. நாய்க்கு வைத்தியம் செய்தால் நமது அரிப்பும் பொதுவாகச் சில வாரங்களில் தானாகவே அடங்கும். நாயை அப்படியே விட்டு நமக்கு மட்டும் மருந்து பூசினால் மீண்டும் மீண்டும் வரும். இந்த மகளுக்கு நடந்ததும் அதுதான்.

மனிதருக்கு மனிதர் தொற்றும் சொறி வேறு. அது விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில் வரும். இரவில் அரிப்புக் கூடும். முதல் தடவை தொற்றினால் அரிப்புத் தொடங்கவே நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகலாம். முகாம்களிலும், பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராக்களிலும் பலர் நெருங்கிப் படுப்பதால் அது பரவுகிறது. தினமும் குளிப்பவருக்கும் வரும். இதற்கு வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2017 இல் இதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

நாம் செய்யக்கூடியவை:

* எந்தச் சொறி என்பதை வைத்தியரோ தோட்ட மருத்துவ உதவியாளரோ பார்த்துச் சொல்லட்டும். வீட்டில் நாய் சொறிகிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கேட்காமல் மருந்து பூச வேண்டாம்.
* நாயை அரச மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். பழைய என்ஜின் ஒயில், மண்ணெண்ணெய் பூசாதீர்கள். நாய் நக்கினால் அது நஞ்சு. மாட்டுக்குப் போடும் ஊசியை நீங்களாகப் போடுவதும் உயிராபத்து.
* வைத்தியம் முடியும்வரை நாய்க்குத் தனிச் சாக்குப் போட்டு வெளியே படுக்க விடுங்கள்.
* துணி, போர்வைகளைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயவிடுங்கள். துவைக்க முடியாதவற்றைப் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள்.
* சொறிந்த இடம் சீழ் பிடித்தால் தாமதிக்காதீர்கள். அந்தக் கிருமி சிலவேளை சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

அந்த வீட்டு நாய்க்கு மிருக வைத்தியர் மருந்து கொடுத்தார். சில வாரங்களில் மகளின் தோல் ஆறியது. வைத்தியரின் கடிதத்தோடு நானும் கூடப் போனேன். அவள் மறுபடி வகுப்பில் உட்கார்ந்தாள். நாயைச் சாக்கில் கட்டித் தொலைவில் விட்டிருந்தால் அந்த வீடு ஒரு காவலை இழந்திருக்கும். சொறியோடு அலையும் நாய் இன்னொரு நாய்க்கும் இன்னொரு வீட்டுக்கும் அதைக் கொடுத்திருக்கும்.

சகோதரிகளே, அரிப்பு வந்தால் மறைக்க வேண்டாம். அது உங்கள் வளர்ப்பின் குறையல்ல. பக்கத்து வீட்டில் வந்தால், நான் கேட்ட கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள். "நாயும் சொறியுதா அக்கா?" என்று கேளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.