கேட்பதும் கேட்பதும்

நமது நண்பர் ஒருவர் அரசாங்கக் கணக்குத் தணிக்கை இலாகாவில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவில் படிக்கும் அவருடைய பேரன் சென்ற வாரம் தொலைபேசியில், "தாத்தா! இந்தப் பருவத்தில் சரித்திர வகுப்பு ஒன்றை ஆடிட் செய்கிறேன்" என்று சொன்னானாம். நண்பர் கவலையுடன் நம்மிடம் ஓடி வந்தார். "இருபது வயதுப் பையன் புரொபஸருடைய கணக்கில் கை வைக்கலாமா? அவர் சும்மா விடுவாரா?" என்றார்.

நாம் அவரைச் சமாதானப்படுத்தினோம். அந்த நாட்டுக் கலாசாலைகளில் ஒரு வகுப்பை ஆடிட் செய்வது என்றால், உள்ளே உட்கார்ந்து பாடத்தைக் காதால் கேட்பது, அவ்வளவுதான். பரீட்சை கிடையாது, மார்க்கு கிடையாது, பட்டத்துக்கு அது சேர்த்தியும் இல்லை.

"பிழைத்தேன்!" என்று நண்பர் பெருமூச்சு விட்டார். "நாங்கள் செய்த ஆடிட்டே வேறு. நாங்கள் நுழைந்தால் ஆபீஸே நடுங்கும்!"

ஒரே வார்த்தை ஓரிடத்தில் பசுவாகவும் மற்றோரிடத்தில் புலியாகவும் இருப்பது விந்தைதான். ஆயினும் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே. லத்தீன் பாஷையில் அதன் மூலச் சொல்லுக்குக் காதால் கேட்டல் என்றே பொருள். மத்திய கால இங்கிலாந்தில், பிரபுக்களின் பண்ணைக் கணக்கைக் காரியஸ்தர் உரக்கப் படிப்பார். அதற்கென்று நியமிக்கப்பட்டவர் உட்கார்ந்து கேட்பார். கேட்பவர்தான் ஆடிட்டர்.

தமிழருக்கு இதில் அதிசயமில்லை. நாம் பாடமும் கேட்கிறோம், கணக்கும் கேட்கிறோம். சாமிநாதையர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 'பாடம் கேட்டார்' என்றுதான் சொல்வது வழக்கம். கடைக்கு அனுப்பிய பிள்ளை திரும்பியதும் தகப்பனார் 'கணக்குக் கேட்கிறார்'. முதலாவதில் செவிக்கு வேலை. இரண்டாவதில் வாய்க்கும் வேலை உண்டு.

வெறுஞ் செவியால் கேட்பதை நாம் குறைவாகச் சொல்ல வரவில்லை. லண்டனில் புஸ்தகம் பைண்டு செய்யும் தொழிலைப் பழகிக்கொண்டிருந்த மைக்கேல் பாரடே, கடைக்கு வந்த ஒருவர் கொடுத்த டிக்கெட்டுகளைக் கொண்டு, 1812-ஆம் வருஷம் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவியின் பிரசங்கங்கள் நான்கைக் கேட்டார். அவருக்குப் பரீட்சை வைத்தவர் யார்? பட்டம் கொடுத்தவர் யார்? கேட்டதை எழுதி, அழகாகப் பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். மறு வருஷம் அவருக்கு உதவியாளராக அமர்ந்தார். 1831-ல் அவர் கண்டுபிடித்த தத்துவத்தின்மேல்தான் உலகத்தின் மின்சார உற்பத்தி யந்திரங்கள் சுழல்கின்றன.

ஆனால் கணக்கு விஷயத்தில் செவி மட்டும் போதாது. 2009-ஆம் வருஷம் ஜனவரி 7-ஆம் தேதி, ஹைதராபாத் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு தாமே ஒரு கடிதம் எழுதினார். ரொக்கமும் பாங்கி இருப்புமாகக் காட்டியிருந்த தொகையில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். வருஷந்தோறும் தணிக்கை நடந்துதான் இருந்தது. கையெழுத்தும் ஆகித்தான் இருந்தது. 'இந்தப் பணம் உங்களிடம் உள்ளதா?' என்று பாங்கியை நேரில் கேட்டுப் பதிலையும் நேரில் பெற வேண்டிய தணிக்கைக்காரர்கள், அந்தக் காரியத்தைக் கம்பெனிக்காரர்களிடமே விட்டுவிட்டார்கள் என்று அமெரிக்கப் பங்கு மார்க்கெட்டுக் கண்காணிப்பு ஸ்தாபனம் 2011-ல் கூறியது. வகுப்பில் உட்கார்ந்த மாணவனைப்போல் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்கள். கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று ராஜஸ்தானத்தில் நடந்தது. 1994-ஆம் வருஷம் டிசம்பர் மாதம், பாலி ஜில்லாவைச் சேர்ந்த கோட் கிராணா கிராமத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் ஏழைத் தொழிலாளர் சங்கத்தார் ஊர் ஜனங்களைக் கூட்டினார்கள். சர்க்கார் வேலைகளுக்குச் செலவானதாக எழுதியிருந்த கணக்கை உரக்கப் படித்தார்கள். கேட்டவர்களில் பலருக்கு எழுத்து வாசனை இல்லை. ஆனால் யார் மண் சுமந்தார், யார் சுமக்கவில்லை, எந்தக் கட்டடம் எழும்பிற்று, எது எழும்பவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாதா? காதால் கேட்டார்கள், உடனே எழுந்து வாயாலும் கேட்டார்கள். அம்மாதிரிக் கூட்டங்களிலிருந்து கிளம்பிய கிளர்ச்சிதான் 2005-ஆம் வருஷத்தின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழி திறந்தது. பள்ளிக்கூடம் போகாத அந்த ஜனங்கள், ஆடிட் என்ற சொல்லின் இரண்டு அர்த்தங்களையும் ஒரே கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்!

படித்த நாமோ? சபையிலும் சங்கத்திலும் காரியதரிசி வரவு செலவு படிக்கும்போது நாம் கடிகாரத்தைப் பார்க்கிறோம். "சரிதானே?" என்றதும் கையைத் தூக்குகிறோம். காபி வருகிறது, கணக்கு நிறைவேறுகிறது.

இதையெல்லாம் சொன்னபோது நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் வருஷக் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. எட்டு வருஷமாகப் போய் வருகிறேன், ஒரு தடவையாவது ஒரு கேள்வி கேட்டதில்லை" என்றார்.

ஆபீஸையே நடுங்க வைத்தவர், சொந்த வீட்டு வாசலில் வெறும் மாணவராக உட்கார்ந்திருந்திருக்கிறார்! நம்மில் எத்தனை பேர் அப்படி இருக்கிறோமோ? பாடத்தைப் பணிவோடு கேட்போம். பொதுப் பணத்தின் கணக்கைத் துணிவோடு கேட்போம். ஞாயிற்றுக்கிழமை அதிக தூரத்தில் இல்லை.