பொறியில் சிக்கிய எலியும் 1907ஆம் ஆண்டுச் சட்டமும்

2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் பரவிப் பலர் உயிரிழந்தனர். எலிகளைக் கட்டுப்படுத்துவது உயிர்காக்கும் வேலை என்பதை அந்த மரணங்கள் உணர்த்தின. ஆனால், பிடிபட்ட எலியை எப்படிக் கொல்வது என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 முதல் வீதியோரத்தில் நீதி கேட்டுப் போராடிவரும் மண்ணில், எலியின் வலியைப் பற்றி எழுதுவதா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எலியைக் கொல்லக்கூடாது என்று இங்கு வாதிடவில்லை. கொன்றே ஆகவேண்டிய உயிரை நெடுநேரம் துடிக்கவிடத் தேவையில்லை என்பதே வாதம்.

இலங்கையின் மிருகவதைக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி விலங்கு என்பது வீட்டு விலங்கு அல்லது பிடிக்கப்பட்ட விலங்கு. அந்த வரையறையின்படி, வளையில் இருக்கும்வரை சட்டத்துக்கு வெளியே உள்ள எலி, பொறியில் சிக்கியதும் அதற்குள் வந்துவிடுகிறது. ஆனால் கொடுமை செய்பவருக்கு அந்தச் சட்டம் விதித்த ஆகக்கூடிய தண்டப்பணம் 100 ரூபா. சட்ட ஆணைக்குழு 2006இல் புதிய விலங்கு நலன்புரிச் சட்டத்துக்கான வரைவை முன்வைத்தது. அதன்பின் அரசாங்கங்கள் பல மாறின. வரைவு நாடாளுமன்றத்தைக் கடக்கவில்லை.

கடைகளில் இலகுவாகக் கிடைக்கும் பசை அட்டையில் ஒட்டிய எலி, பல மணிநேரம், சிலவேளை நாட்கணக்கில், தாகத்தாலும் களைப்பாலும் சாகிறது. அந்த நேரமெல்லாம் அது சிறுநீர் கழிக்கிறது. எலிக்காய்ச்சல் கிருமி பரவுவதே அந்தச் சிறுநீரால்தான். கூட்டோடு வாளித் தண்ணீரில் அமிழ்த்துவதை அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டி ஏற்பதில்லை. இரத்தம் உறைவதைத் தடுக்கும் நஞ்சு கொல்வதற்குப் பல நாட்கள் எடுக்கும். அந்த எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும்கூடப் பாதிக்கப்படலாம்.

வளர்ப்புப் பாம்புகளுக்கு உணவாகும் எலிகளுக்குப் பல நாடுகளில் காபனீரொட்சைட்டைப் பயன்படுத்துகிறார்கள். அதிலும் விதி உண்டு. பெட்டியின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 சதவீதம் என்ற அளவில் வாயுவைச் செலுத்த வேண்டும். பிறந்து சில நாட்களேயான குஞ்சுகள் ஒட்சிசன் குறைவைத் தாங்குவதால், அவை இறக்க நெடுநேரம் பிடிக்கும். அளந்து செலுத்தும் உபகரணம் இல்லாத வீடுகளுக்கு இது பொருந்தாது.

வீட்டுக்கு ஏற்றது, வலுவான வில்லுக்கம்பி தலையிலோ கழுத்திலோ அடித்து உடனே கொல்லும் எலிப்பொறி. அதைத் தினமும் பார்க்க வேண்டும். இறந்த எலியைக் கையுறையுடன் எடுத்து ஆழமாகப் புதைக்க வேண்டும்.

பசைப்பொறியை நியூசிலாந்து 2015இலேயே கட்டுப்படுத்தியது. இங்கிலாந்தில் 2024 ஜூலை 31 முதல் அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதை வைப்பது குற்றம். இங்கும் அதன் விற்பனையைக் கட்டுப்படுத்தலாம். எலி ஒழிப்பு பற்றி மக்களுக்கு அறிவுறுத்தும்போது, எப்படிக் கொல்வது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை.