சாரி கார்டைக் கழற்றிய கை நம்முடையது

தோழர்களே, பட்டறைக்காரர்களே!

ஆடி பிறக்க இன்னும் நாலே நாள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று நம் உடுமலை – பல்லடம் ரோட்டில் என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பைக்கின் பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து கோயிலுக்குப் போகிற பெண்ணுக்கோ ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் கூழ் நிறைந்த தூக்குப்போசி. பறக்கிற முந்தானையைப் பிடிக்க மூன்றாவது கை அவளுக்குக் கிடையாது. அவளுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருக்க வேண்டியது ஒரு சாரி கார்டு. அதைக் கழற்றிப் போட்டது யார்? நாம்தான்.

நான் என் கதையையே சொல்லிவிடுகிறேன். போன மாதம் இரண்டு பையன்கள் ஒரு 100 சிசி வண்டியைத் தூக்கியும் இழுத்தும் என் கடைக்குக் கொண்டுவந்தார்கள். பின் சக்கரம் அசையவில்லை. குனிந்து பார்த்தால் ஸ்பிராக்கெட்டுக்கும் ஹப்புக்கும் நடுவில் ஊதா நிறத்தில் ஒரு கயிறு, வடம் மாதிரி முறுக்கேறிக் கிடக்கிறது. ஜார்ஜெட் ஷால். கிரீஸில் ஊறிய ஜிகினாப் பொட்டுகள் விரலில் ஒட்டின. பிளேடு போட்டு அறுத்து எடுக்க அரை மணி நேரம் ஆனது. அடிச்சுற்று துணியாகவே இல்லை. உரசிய சூட்டில் உருகி ஹப்பில் பசைபோல் இறுகியிருந்தது. அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் ஃபுட்ரெஸ்ட் பக்கத்தில் இரண்டு காலி போல்ட் துளைகள் கண்ணில் பட்டன. அந்த வண்டியின் சாரி கார்டு எங்கே என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. என் கடையின் பின்சுவரில், ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று மாதத்துக்கு முன் நானே கழற்றியது. “கடகடன்னு சத்தம் வருதுங்ணா” என்று வண்டிக்காரர் சொன்னார். ஒரு வாஷர் போட்டு முறுக்கியிருந்தால் நின்றிருக்கும் சத்தம்.

பின்சீட்டில் வந்த பெண்ணின் தோளில்தான் ஷால் கிடந்திருக்கிறது. அது உருவிக்கொண்டு போக, அந்தப் பெண் கை எலும்பு முறிவோடு தப்பித்தாள். அன்று இரவு சுவரில் தொங்குவதை எண்ணினேன். 11 சாரி கார்டு.

துணி மாட்டியதும் பதறிப் பிரேக் பிடிக்க நேரம் இருக்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு நம் பட்டறைக் கணக்கு போதும். 40 கிலோமீட்டர் வேகத்தில் இந்த வண்டிகளின் பின் சக்கரம் விநாடிக்கு ஏறக்குறைய 6 சுற்று சுற்றும். பின் ஸ்பிராக்கெட்டில் 42 பல் என்று வையுங்கள். செயினில் ஒரு கண்ணிக்கு அரை அங்குலம். ஒரு சுற்றுக்கு 21 அங்குலம், 6 சுற்றுக்குப் பத்தரை அடி. ஷாலின் நீளம் ஏழெட்டு அடி. முனை மாட்டியதிலிருந்து முழுதும் உள்ளே போக ஒரு விநாடிகூட ஆகாது. ஓட்டுகிறவர் “என்ன சத்தம்?” என்று திரும்புவதற்குள் முடிந்துவிடும். பழைய பருத்தித் துணி என்றால் கிழிந்தாவது போகும். நைலானும் ஜார்ஜெட்டும் கிழியாது, ஆளைத்தான் இழுக்கும்.

நம்மிடம் ஒரு பேச்சு இருக்கிறது தோழர்களே. “ஒழுங்கா உட்காரத் தெரியல, ஷாலைப் பறக்க விட்டுக்கிட்டு வருதுக.” கேட்டுச் சலித்துவிட்டது எனக்கு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதியைப் பாருங்கள். பின்சீட்டு உள்ள மோட்டார் சைக்கிளுக்குக் கைப்பிடி வேண்டும், ஃபுட்ரெஸ்ட் வேண்டும், பின்னால் உட்காருகிறவரின் துணி சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடுகிற தடுப்பும் வேண்டும். பொறுப்பை வண்டியின் மேல் வைத்திருக்கிறது விதி. அலாய் வீல் பளிச்சென்று தெரிய வேண்டும், டயர் அகலமாகப் போட வேண்டும் என்று பையன்கள் கேட்பார்கள், கேட்கிற வயசு. ஸ்பேனர் நம் கையில்தானே இருக்கிறது?

செயின் கவர் கதை இன்னும் மோசம். செயின் மாற்றும்போது நாலு போல்ட் கழற்றுவோம், இரண்டு போல்ட் பூட்டுவோம். அதிர்வில் மூன்றாம் மாதம் இன்னொன்று கழலும். கவர் செயினில் உரசும். “கழட்டிடுங்ணா” என்பார் வண்டிக்காரர். நாமும் கழற்றுவோம். பழைய இரும்புக் கடையில் அதற்கு ஒரு டீ காசு தேறுமா?

துணி சக்கரத்தில் மாட்டுவது புதுக் கதை இல்லை. 1927-ல் பிரான்சின் நீஸ் நகரத்தில் இசடோரா டங்கன் என்ற பெயர்பெற்ற நாட்டியக்காரி திறந்த காரில் ஏறிப் போனார். கழுத்தில் கிடந்த நீளப் பட்டுத் துணி சக்கரத்தில் சுற்றியது. கழுத்து முறிந்து இறந்தார். உலகம் ஏறக்குறைய நூறு வருஷமாக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்ப் பெண்ணுக்கு நடந்தால் பேப்பரில் நாலு வரி. மறுநாள் நம் கடையில் இன்னொரு சாரி கார்டு கழலும்.

ஷாலும் சேலையும் மட்டும்தானா? வேட்டி முனை, லுங்கி, போர்வை மாதிரி மாட்டுகிற மழைக்கோட்டு, கேரியரில் கட்டுகிற எலாஸ்டிக் கயிற்றின் கொக்கி எல்லாம் அதே சக்கரத்துக்குத்தான் போகும். ஸ்கூட்டரில் செயின் வெளியே இல்லை என்று நிம்மதியாக இருக்காதீர்கள், சக்கரம் இருக்கிறது. எனக்கு அதிகம் பயம் தருவது வெயிலுக்கும் தூசிக்கும் முகத்தைச் சுற்றி, கழுத்தில் ஒரு சுற்று போட்டு, இரண்டு முனையையும் முதுகில் தொங்கவிட்டு வருகிற பிள்ளைகள். கல்லூரி விடுகிற நேரத்தில் ரோட்டைப் பாருங்கள். அவர்களுக்கு உபதேசம் வேண்டாம். “கண்ணு, முனை ரெண்டையும் சட்டைக்குள்ள செருகிக்க” என்றால் போதும், செய்துவிடுவார்கள்.

தெருவில் முன்பின் தெரியாதவர்கள்கூட “அக்கா, ஷாலு! ஷாலு!” என்று கத்துகிறார்கள். பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கை காட்டுகிறார். “சைடு ஸ்டாண்டு!” என்றும் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தோம், இப்போது புது வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டை எடுக்காமல் கியர் போட்டால் இன்ஜினே அணைந்துவிடுகிறது. முந்தானைக்கு அப்படி ஒரு சென்சார் யாரும் வைக்கவில்லை. அதுவரை நாம்தான் சென்சார்.

ஆகவே தோழர்களே, இன்று மாலையே தொடங்குவோம். சாரி கார்டு, செயின் கவர் இல்லாத வண்டி எதுவும் நம் கடையைவிட்டு அப்படியே வெளியே போகக் கூடாது. “வேண்டாங்ணா” என்று வண்டிக்காரர் சொன்னால் பின்சீட்டில் யார் உட்காருவார்கள் என்று கேளுங்கள். அம்மாவா, சம்சாரமா, மகளா? அதற்கு மேல் பெரும்பாலும் பேச மாட்டார். டூல்ஸ் பெட்டியில் நல்ல கத்தரிக்கோல் ஒன்று இருக்கட்டும். பக்கத்தில் விபத்து என்றால் நம்மைத்தான் முதலில் கூப்பிடுகிறார்கள். முதலில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணையுங்கள். துணி கழுத்தில் இறுகியிருந்தால் அவிழ்க்க உட்காராதீர்கள். துணிக்கும் கழுத்துக்கும் நடுவில் விரலைக் கொடுத்து வெட்டுங்கள். ஆளைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்க ஓடிவருவார்கள், தடுங்கள். கழுத்து அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள், 108 வரட்டும்.

என் சுவரில் இருந்த 11-ல் நாலு வண்டிக்குத் திரும்பிவிட்டது. மீதி ஏழு பேருக்கும் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆடி முதல் வெள்ளி, காலை ஐந்தரை மணிக்கு மாரியம்மன் கோயில் பக்கம் வண்டி நிறுத்துகிற இடத்துக்கு வந்துவிடுங்கள். 10-ஆம் நம்பர், 12-ஆம் நம்பர் ஸ்பேனர், ஒரு டப்பா போல்ட் நட்டு, வாஷர், சுவரில் கிடக்கிற சாரி கார்டு எல்லாம் எடுத்து வாருங்கள். யாரிடமும் கூலி வாங்கக் கூடாது. டீ என் கணக்கு.