கிளச்சுக் குழாயில் சிக்கிய காற்று

பெங்களூரு நகரின் ஜே. சி. சாலையிலும் அதனையொட்டிய கலாசிப்பாளையத்திலும் மோட்டார் உதிரிப்பாகக் கடைகள் வரிசையாக அமைந்துள்ளன. கிளச்சின் கீழ் சிலிண்டர் ஒன்றை அங்கு வாங்கி வந்து, இரண்டு போல்ட்டுகளையும் ஒரு குழாயிணைப்பையும் கழற்றிப் புதியதைப் பொருத்துவது தேர்ந்த கைக்குப் பெரிய வேலையன்று. ஆயினும் அவ்வாறு பழுது பார்க்கப்பெற்ற வண்டிகளுள் சில, மறுநாளே பட்டறை வாயிலுக்குத் திரும்பி வருகின்றன. மிதி பஞ்சுபோல் அமுங்குகிறது. பின்கியர் கரகரவென ஒலித்து விழ மறுக்கிறது. புதிய உறுப்பே கெட்டது என்று கடைக்காரர்மீது பழி விழுகிறது. பல வேளைகளில் உறுப்பில் குற்றம் இருப்பதில்லை. குழாயினுள் தங்கிவிட்ட காற்றே குற்றவாளி.

இக்காற்றை வெளியேற்றும் செயலைப் பட்டறைகளில் ‘ஏர் எடுத்தல்’ என்பர். உறுப்பை மாற்றுவதே வேலை என்றும், ஏர் எடுப்பது அவ்வேலையின் வால் என்றும் கருதி, அதனைக் கடைசிப் பத்து நிமிடத்திற்கு ஒதுக்கிவிடும் வழக்கம் பரவியுள்ளது. இது தலைகீழான மதிப்பீடு. உறுப்பை மாற்றுவதில் பிழை நேர்ந்தால் எண்ணெய் ஒழுகிக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஏர் எடுப்பதில் நேரும் பிழையோ நெரிசல் மிகுந்த சந்திப்பில், கியர் விலகாமல் வண்டி தானே முன்னோக்கி ஊரும்போதுதான் தெரியவரும். டாம்டாம் என்னும் டச்சு நிறுவனத்தின் கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் பெங்களூரின் மையப்பகுதியில் 10 கிலோமீட்டர் கடக்க ஏறத்தாழ 29 நிமிடம் தேவைப்பட்டது. இத்தகைய ஊரில் ஓட்டுநரின் இடக்கால் நாளொன்றுக்கு எத்தனை முறை கிளச்சை மிதிக்கும் என்பதை எவரும் ஊகித்துக்கொள்ளலாம். சில்க் போர்டு சந்திப்பில் முன்னே நிற்பது ஓர் இருசக்கர வண்டியாக இருப்பின், ஓரடி ஊர்தலும் விபத்தே.

அமைப்பு எளியது. மிதியை அழுத்தினால் மேல் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் திரவத்தைத் தள்ளுகிறது. திரவம் குழாய் வழியே சென்று கீழ் சிலிண்டரின் பிஸ்டனை நகர்த்த, அது ஒரு கவையைத் தள்ளி கிளச்சைப் பிரிக்கிறது. ஆங்கிலத்தில் இவ்விரு சிலிண்டர்களுக்கும் எசமானன், அடிமை என்ற பொருள்படும் பெயர்கள் வழங்குகின்றன. அவற்றைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்குவதில் பயனில்லை. மேல் சிலிண்டர், கீழ் சிலிண்டர் என்னும் பட்டறை வழக்கு இருப்பிடத்தையும் காட்டுகிறது, கேட்பதற்கும் நன்றாயுள்ளது. இவ்விஷயத்தில் அகராதியைவிடப் பட்டறையே தேர்ந்த மொழிபெயர்ப்பாளர்.

அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் செலுத்தும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கலின் விதி, அவர் மறைந்த மறு ஆண்டான 1663இல் வெளியான நூலில் காணப்படுகிறது. அதற்கு ஓராண்டு முன்னர், 1662இல், வாயுவின் கனஅளவு அழுத்தத்திற்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதைப் பாயில் வெளியிட்டார். பாஸ்கலின் விதியை நம்பியே கிளச்சுக் குழாய் அமைக்கப்பட்டுள்ளது. பாயிலின் விதி அதனுள் அழையாமல் புகுந்து வேலையைக் கெடுக்கிறது. பள்ளிகளில் இவ்விரண்டும் வெவ்வேறு பாடங்களில், வெவ்வேறு படங்களுடன் கற்பிக்கப்படுகின்றன. அவை சந்தித்துச் சண்டையிடும் இடம் ஒன்று உண்டென்பது மாணாக்கருக்குச் சொல்லப்படுவதில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். மேல் சிலிண்டரின் குறுக்குப் பரப்பு 2 சதுர சென்டிமீட்டர், அதன் பிஸ்டன் நகரும் தூரம் 3 சென்டிமீட்டர் என்க. வெளியேறும் திரவம் 6 கன சென்டிமீட்டர். கீழ் சிலிண்டரின் பரப்பு 3 சதுர சென்டிமீட்டராயின், அதன் பிஸ்டன் 2 சென்டிமீட்டர் நகரும். இனி, குழாயில் 2 கன சென்டிமீட்டர் காற்று, அதாவது அரைத் தேக்கரண்டிக்கும் குறைவான அளவு, தங்கியிருப்பதாகக் கொள்வோம். அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் இருபது மடங்காக உயரும்போது அக்காற்று 0.1 கன சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். தள்ளப்பட்ட திரவத்தில் 1.9 கன சென்டிமீட்டர் காற்றைச் சுருக்குவதிலேயே கழிந்துபோக, எஞ்சிய 4.1 கன சென்டிமீட்டர் கீழ்ப் பிஸ்டனை 1.4 சென்டிமீட்டர் அளவே நகர்த்தும். நகர்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நஷ்டம். கிளச்சு முழுவதும் பிரியாமைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. (கடல்மட்டத்திற்கு 900 மீட்டருக்கு மேல் உள்ள பெங்களூரில் வளிமண்டல அழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே சென்னையிலிருந்து மலையேறி வரும் வண்டியின் குமிழி இங்கு சற்றுப் பருத்துக் காணும். மெக்கானிக்கு இதனால் நேரும் வேறுபாடு அற்பமே. தேர்வுத்தாளுக்கு நல்ல வினா.)

ஏர் எடுக்கும் முறை பலரும் அறிந்ததே. மேலுள்ள கிண்ணத்தைப் புதிய திரவத்தால் நிரப்ப வேண்டும். கீழ் சிலிண்டரின் நிப்பிளில் ஒளிபுகும் ரப்பர்க் குழாயைச் செருகி, அதன் மறுமுனை ஒரு பாத்திரத்திலுள்ள திரவத்தில் மூழ்கியிருக்கச் செய்ய வேண்டும். ஒருவர் மிதியை மெல்ல அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைச் சிறிது திறந்து, குமிழிகள் வெளிவந்ததும் மூட வேண்டும். மூடிய பின்னரே மிதியை விட வேண்டும். இவ்வரிசை மாறினால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே உறிஞ்சப்படும். கிண்ணத்தில் திரவம் வற்றவிட்டாலும் அதே கதி; செய்த வேலை முழுவதையும் மீண்டும் தொடங்க நேரிடும்.

இங்குதான் அவசரம் தன் வேலையைக் காட்டுகிறது. மிதியைப் படபடவென்று இருபது முறை உதைத்துப் பின்னர் நிப்பிளைத் திறப்பது பலரது வழக்கம். அவ்வாறு உதைப்பதால் ஒரு பெருங்குமிழி நூறு நுண்குமிழிகளாகச் சிதறி நுரையாகிவிடுகிறது. நுரை எளிதில் வெளியேறாது. புதிய கீழ் சிலிண்டரோ உள்ளே வறண்டு, முழுதும் காற்றாகவே வருவது. காற்றின் இயல்பு மேலே எழுவது. மிதி அதனைக் கீழே தள்ள முயல்கிறது. குழாய் இடையில் வளைந்து ஏறி இறங்குமாயின், அம்மேட்டில் குமிழி தங்கிவிடும். ஆதலால் நிப்பிள் வழியே ஊசிக்குழலால் கீழிருந்து மேலாகத் திரவத்தைச் செலுத்தும் முறை இயற்கைக்கு இசைந்தது. நிப்பிளைத் திறந்து திரவத்தைத் தன் எடையாலேயே வடியவிடுவதும் பல வண்டிகளில் பயன் தருகிறது. நிப்பிள் மேற்புறம் அமையும்படி சிலிண்டர் பொருத்தப்பட்டுள்ளதா என்பதை முதலில் காண வேண்டும். கீழ்நோக்கிய நிப்பிளில் நாள் முழுதும் ஏர் எடுத்தாலும் மேலே தங்கிய காற்று அசையாது.

அனுபவமிக்க மெக்கானிக்கின் பாதமே அளவுகருவி என்று வாதிடுவோர் உண்டு. அதில் உண்மையும் உண்டு. பலமுறை மிதித்தபின் மிதி கெட்டிப்பட்டால் காற்று என்பதையும், அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழிறங்கினால் மேல் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்தது என்பதையும், மிதி கெட்டியாக இருந்தும் கியர் விழாவிட்டால் பழுது கிளச்சிலோ கவையிலோ உள்ளது என்பதையும் அத்தகையோர் நொடியில் கூறிவிடுவர். ஆனால் அப்பாதம் ஒரு தலைமுறையில் ஒருவருக்கே வாய்க்கிறது; அவரும் காரணத்தைச் சொல்லித் தருவதில்லை. காரணம் அறியாத சீடன் காற்று இருக்கும் வண்டியில் கியர்பெட்டியையே இறக்கிவிடுகிறான். அதற்கான கூலியையும் புதிய தட்டின் விலையையும் செலுத்துபவர் வண்டியின் சொந்தக்காரர். வேலைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் முறையில், பொறுமையாக ஏர் எடுப்பவனுக்கு நஷ்டமே மிஞ்சுகிறது என்பதையும் மறைக்க இயலாது.

திரவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாட் 3, டாட் 4 வகைகள் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்ப்பவை. புதிய டாட் 4 திரவம் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கலாகாது என்பது விதி. 3.7 சதவீத அளவு நீர் கலந்துவிட்டால் அவ்வெல்லை 155 பாகையாகத் தாழ்கிறது. மழைமாதங்களில் மூடி திறந்தே கிடந்த டப்பாவின் மிச்சத்தையும், நிப்பிள் வழியே வடிந்த பழைய திரவத்தையும் மீண்டும் ஊற்றுவது சிக்கனமாகாது. என்ஜின் எண்ணெயை ஊற்றினாலோ ரப்பர்கள் ஊதிப் புதிய சிலிண்டரும் பாழாகும். களப்பணி ஊர்திகளின் பதிவேட்டில் என்ஜின் எண்ணெய் மாற்றிய தேதி எழுதப்படுவதுபோல், கிளச்சு, பிரேக் திரவம் மாற்றிய தேதிக்கும் ஒரு பத்தி வேண்டும். இதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை. ஒரு கோடு போட்டால் போதும்.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. வடியும் திரவத்தைப் பிடிக்கப் பட்டறைகளில் பெரும்பாலும் பயன்படுவது குடிநீர்ப் புட்டி. வெளிர்மஞ்சள் நிறமான அத்திரவம் கிளைக்கால் வகையைச் சார்ந்த நஞ்சு. வேலை கற்க வந்த பையன்கள் தண்ணீர் குடிப்பதும் அதே வகைப் புட்டியில்தான். அகன்ற வாயுள்ள கண்ணாடிச் சாடி ஒன்றில் சிவப்பு வண்ணம் பூசி, அதற்கென்றே வைத்திருப்பது எந்தப் பட்டறைக்கும் இயலும். நிறைந்ததைச் சாக்கடையில் கவிழ்ப்பதும் கூடாது. நகரின் ராஜகால்வாய்கள் ஏரிகளில்தான் சென்று சேருகின்றன.

தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பயிலும் மாணாக்கருக்கு இவை பாடமாக உள்ளன. பொதுப் பள்ளி ஆசிரியருக்கும் இதில் பங்குண்டு. கழித்துப்போட்ட கீழ் சிலிண்டர் ஒன்றைப் பட்டறையிலிருந்து பெற்று, கழுவி, நீளவாக்கில் அறுத்து மேசைமீது வைத்தால், கரும்பலகைப் படம் தராத தெளிவை அது தரும். அறுக்க வசதியில்லையெனில் அளவில் வேறுபட்ட இரண்டு ஊசிக்குழல்களை ரப்பர்க் குழாயால் இணைத்து, முதலில் நீரை மட்டும் நிரப்பியும், பின்னர் ஒரு குமிழியை விட்டும் தள்ளச் செய்யலாம். இரண்டாம் முறை தள்ளும்போது விரலுக்குத் தட்டுப்படும் அந்த மெத்தென்ற தொய்வே, ஓட்டுநரின் பாதம் உணர்வது.