பார்ப்பது ஆகுமாம், தயாரிப்பது ஆகாதாம்!



கடந்த ஷஅபான் மாதம் எங்கள் மதரஸாவின் முன்னாள் மாணவர் ஒருவர் தம் அத்தாவுடன் என்னைக் காண வந்தார். அத்தா ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் கணக்கர். மகன் அசைவூட்டக் கலை பயின்றவர். குழந்தைகளுக்கான தொலைக்காட்சித் தொடர்களைத் தயாரிக்கும் நிறுவனமொன்று தயாரிப்பு உதவியாளராக அவரை அழைத்திருக்கிறது. "ஹழ்ரத், இந்தச் சம்பளம் ஹலாலா? பள்ளிவாசலில் கேட்டேன். உருவம் வரைவது ஹராம், வேறு வேலை பார்க்கச் சொல்லுங்கள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்" என்றார் அத்தா. அந்த ஒரு வரியை மறுக்கவே இதை எழுதுகிறேன்.

உருவம் அமைப்போரை எச்சரிக்கும் ஹதீஸ்கள் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளன. அவற்றை நான் மறைக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. ஓதிக்கொடுப்பதே என் தொழில். ஆனால் அதே நூல்களில் அன்னை ஆயிஷா (ரலி) பொம்மைகளுடன் விளையாடியதும், கூச்சத்தால் ஒளிந்துகொண்ட தோழியரை நபி (ஸல்) அவர்களே அவரிடம் அனுப்பிவைத்ததும் பதிவாகியுள்ளன. அபூதாவூதில் வரும் இறக்கையுள்ள குதிரைப் பொம்மையையும் நினைவுகூருங்கள். குதிரைக்கு இறக்கையா என்று வினவிய நபியவர்களிடம், அன்னையவர்கள் சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளைச் சான்றாகக் காட்டினார்கள். அதைக் கேட்டு நபியவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். உருவங்கள் விஷயத்தில் கண்டிப்புக் காட்டும் இமாம் நவவியும், சிறுமியரின் பொம்மைகளுக்கு விலக்குண்டு என்ற காழி இயாழின் கருத்தைத் தம் முஸ்லிம் விரிவுரையில் எடுத்துரைக்கிறார். குழந்தையின் விளையாட்டுக்கு மார்க்கம் தனியிடம் தந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

பொம்மை வேறு, திரை வேறு என்பீர்கள். வாதிடுங்கள்; முதலில் உங்கள் வீட்டுத் திரையை அணைத்துவிட்டு வந்து வாதிடுங்கள். 2007இல் சுட்டி டிவி வந்தது. 2008இல் ஐதராபாத்தின் கிரீன் கோல்டு நிறுவனம் சோட்டா பீமைக் கொண்டுவந்தது. எந்த ஃபத்வாவும் அவற்றை நம் வாசலில் தடுத்து நிறுத்தவில்லை. அஸர் தொழுகைக்குப் பின் மக்தபுக்கு வரும் பிள்ளைகள் அலிஃப் எழுதிய பலகையின் ஓரத்தில் பீமை வரைகிறார்கள். லட்டு தின்றால் வலிமை பெருகும் என்று ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் எனக்கே பாடம் நடத்தினான். பார்ப்பதில் பேணுதல் இல்லாத நமக்குத் தயாரிப்பதில் மட்டும் பேணுதல் எங்கிருந்து வந்தது?

தயாரிப்பாளர் என்பவர் தூரிகை பிடிப்பவரல்லர். எந்தக் கதை, எவ்வளவு செலவு, எவருடைய குரல், எந்த நாளுக்குள் என்பனவற்றை முடிவுசெய்பவர் அவர். பதினோரு நிமிடக் கதைக்கு, நொடிக்கு 24 சட்டகம் வீதம் 15,840 சட்டகங்கள். அவை உருவான பின் எதையும் மாற்றுவது பெருஞ்செலவு. ஸ்டோரிபோர்டு நிலையில் மாற்றுவது எளிது. தாடி வைத்தவனை வில்லனாக்கலாமா, பாங்கொலி கேட்கும் தெருவைக் காட்டலாமா என்பது அந்த மேசையில்தான் தீர்மானமாகிறது. அங்கே நம் பிள்ளை ஒருவன் அமர்வது ஹராமாம்!

மலையின் 20 கொண்டையூசி வளைவுகளையும் இறங்கிச் சேலம் செல்லும் நாம், ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைக் கடந்தே போகிறோம். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய அந்நிறுவனம் 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை வண்ணத்தில் தந்தது. அரபுக் கதை, முஸ்லிம் பெயர்கள். நம் பெரியவர்கள் கொட்டகையில் கண்டு மகிழ்ந்தார்கள். பார்ப்போராக இருந்தாலே போதும் என்று நம் சமுதாயம் அன்றே முடிவுகட்டிவிட்டதோ என்று அவ்வளைவைக் காணும்போதெல்லாம் எண்ணுவேன்.

மலேசிய முஸ்லிம்கள் அப்படி எண்ணவில்லை. லெஸ் கோபாக் நிறுவனம் 2007 ரமளானில் 'உபின் இபின்' தொடரைத் தொடங்கியது. நோன்பின் பொருளைச் சிறாருக்கு உணர்த்த ஆறே ஆறு சிறு பகுதிகள். பெற்றோரை இழந்து பாட்டியிடமும் அக்காவிடமும் வளரும் இரட்டையர், நோன்பு திறக்கும் நேரத்தை எண்ணி எண்ணிக் காத்திருக்கிறார்கள். அவர்களுடைய கிராமத்தில் சீனச் சிறுமியும் சீக்கியச் சிறுவனும் இருக்கிறார்கள். உணவுக்கடை நடத்தும் முத்து என்ற தமிழரும் இருக்கிறார். தமிழரைத் தம் கதைக்குள் அன்போடு அமர்த்த மலாய் முஸ்லிம்களால் முடிந்தது. தமிழ் முஸ்லிம்களாகிய நாம் நம் பிள்ளைகளுக்கு என்ன தந்தோம்?

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், மாணவனொருவன் ஃபிக்ஹ் ஏட்டின் ஓரங்களில் பக்கத்துக்கொரு சிறுபடம் வரைந்திருந்தான். தாள்களை விரைந்து புரட்டினால் ஒரு சிறுவன் ஒளூச் செய்வான். முகம், கை, தலை, கால் என வரிசை பிசகாது. நான் முழுதும் புரட்டிப் பார்த்தேன். பார்த்த பிறகே கிழித்தேன். அடுத்த வாரம் முதல் அவன் ஓத வரவில்லை. அந்த ஒளூவில் எந்தப் பிழையும் இல்லை.

கணக்கரின் மகனிடம் நான் சொன்னது இதுதான்: இணைவைப்பையோ ஆபாசத்தையோ ஏவும் கதையில் கையெழுத்திடாதே, அதற்காக வேலையே போனாலும் போகட்டும். தொழுகை நேரத்தை முதல் நாளே பேசிக்கொள். மற்றபடி பிஸ்மில்லாஹ் சொல்லிச் சேர்ந்துகொள்.

மாற்றுக்கருத்துடைய உலமாக்கள் ஆதாரங்களுடன் எழுதட்டும். ஒரு வரியில் வேண்டாம்.

வல்லாஹு அஃலம்.