ஹாபி செலவு வீண் செலவா?

போன வீடியோல ஹாபி செலவை முதல்ல வெட்டுங்கன்னு சொன்னேன். அதைக் கொஞ்சம் மாத்திக்கிறேன்.

அமெரிக்காவில் ஆல்பின் ஜான்சன் 1997-ல் தொடங்கிய '501-வது லீஜியன்' பத்திப் படிச்சேன். 'ஸ்டார் வார்ஸ்' வில்லன் படையோட கவசத்தை அச்சு அசலா போட்டுக்கிறவங்க. சந்தா கிடையாது, ஆனா படத்துல இருக்கிற மாதிரியே இருந்தாதான் சேர்ப்பாங்க. பிளாஸ்டிக் துண்டுகளை வாங்கி, வெட்டி, ஒட்டி, உடம்புக்குப் பொருத்தணும். ஆயிரம் டாலர் சாதாரணமா போயிடும். அந்தக் கவசத்தோட குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போறாங்க, காசு வாங்காம. ஜான்சனோட சின்ன மகளுக்கு மூளைப் புற்றுநோய் வந்தப்போ, அவளுக்காக ஒரு பிங்க் ரோபோ உருவானதும் இந்த மாதிரி ஹாபிக்காரங்க கையிலதான்.

ஒரு சி.ஏ.வா பார்த்தா அந்தக் கவசம் பைசா வருமானம் தராத சொத்து. ஆனா வேலைக்காக ஊர் மாறி வந்து, ஆபீஸ் விட்டா பிஜி ரூம்னு இருக்கிற ஒருத்தருக்கு, கஷ்டத்துல வந்து நிக்க நாலு பேர் கிடைக்கிற செலவை வீண்னு எழுத எனக்கு மனசு வரலை.

மாசம் 2,000 ரூபாய் தனி ஆர்.டி. போடுங்க, சேர்ந்ததும் வாங்குங்க. எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.ல வாங்கப் போறீங்கன்னா, போன வீடியோவையே திரும்பப் பாருங்க.