நல்ல பிள்ளைப் பட்டம் யாருக்கு வேண்டும்?

ஜெர்மனியில் வியட்நாமியரைப் பற்றிப் பேச்சு வந்தால் பாராட்டு மழைதான். உழைப்பாளிகள், வம்புதும்புக்குப் போகாதவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள் என்பார்கள். அவர்கள் பிள்ளைகள் நன்றாகப் படிப்பது உண்மை. ஆனால் அந்தப் பாராட்டு பல நேரம் துருக்கியரையும் அரபு மக்களையும் குத்திக்காட்டவே பயன்படுகிறது. 'அவர்களால் முடிந்தது, உங்களால் ஏன் முடியவில்லை?' தகுதி, திறமை என்ற பெயரில் நம்மிடமும் கேட்கப்படும் கேள்விதான் இது. ஆகவே அந்தப் பாராட்டு எதை மறைக்கிறது என்று நாம் பார்த்தாக வேண்டும்.

1980இல் கிழக்கு ஜெர்மனியும் வியட்நாமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. சோசலிச நாடுகளின் சகோதரத்துவம் என்றார்கள். நடந்தது ஆள் இறக்குமதி. 1989 இறுதியில் ஏறத்தாழ 60,000 வியட்நாமியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே இருந்தனர். விடுதியில் ஆளுக்கு 5 சதுர மீட்டர் இடம். குடும்பத்தை அழைத்துவர முடியாது. கூலியில் 12 விழுக்காடு, தாய்நாட்டைக் கட்டியெழுப்ப என்று வியட்நாம் அரசுக்குப் போனது. கருவுற்ற பெண் கருவைக் கலைக்க வேண்டும், இல்லையேல் ஊர் திரும்ப வேண்டும். 1989 தொடக்கம் வரை இதுதான் விதி.

பெர்லின் சுவர் விழுந்தது. ஆலைகள் மூடப்பட்டன. வேலையிலிருந்து முதலில் தூக்கப்பட்டவர்களில் இவர்களும் இருந்தார்கள். 3,000 மார்க்கும் விமானச் சீட்டும் கொடுத்துப் போகச் சொன்னார்கள். பலர் போனார்கள். தங்கியவர்களில் பலர் காய்கறி, பூ, துணி விற்றுப் பிழைத்தார்கள்.

பிறகு வந்தது 1992 ஆகஸ்ட். ரோஸ்டாக் நகரின் லிஷ்டன்ஹாகன் பகுதியில், பக்கச் சுவரில் சூரியகாந்திப் பூக்கள் பதித்த 11 மாடிக் கட்டடம் ஒன்று உண்டு. அதில் ஒரு வாசலில் அகதிகள் பதிவு மையம், அடுத்த வாசலில் வியட்நாமியர் விடுதி. 22ஆம் தேதி மையத்தின் மீது கல்வீச்சு தொடங்கியது. 24ஆம் தேதி அகதிகளைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிய அரசு, வியட்நாமியரை அங்கேயே விட்டுவிட்டது. அன்றிரவு காவல்துறை பின்வாங்கியது. கும்பல் பெட்ரோல் குண்டுகளை வீசியது. ஆயிரக்கணக்கானோர் கூடி நின்று கைதட்டினார்கள்.

உள்ளே 100க்கும் மேற்பட்ட வியட்நாமியர். கைக்குழந்தைகளும் இருந்தார்கள். ஒரு தொலைக்காட்சிக் குழுவும், நகரின் வெளிநாட்டவர் நல அலுவலர் வொல்ஃப்காங் ரிஷ்டரும் அவர்களோடு சிக்கிக்கொண்டார்கள். புகை ஏற ஏற மேலே ஓடி, பூட்டியிருந்த கதவுகளை உடைத்து, கூரை வழியாகப் பக்கத்து வாசலுக்கு இறங்கித் தப்பினார்கள். ஒருவரும் சாகவில்லை. அதில் காவல்துறை பெருமைப்பட ஒன்றுமில்லை.

அரசு என்ன செய்தது? அகதிகள் பெருகியதே சிக்கல் என்று பேசியது. 1993 மே மாதம் அரசியல் சட்டத்திலிருந்த புகலிட உரிமையை வெட்டிச் சுருக்கியது. 1980களில் கிழக்கு பெர்லின் வழியாக ஈழத்தமிழர் பலர் வந்து தட்டிய அதே கதவுதான் அது. தாக்கியவர்கள் மீதான வழக்கோ 2002 வரை இழுத்தது. கடைசியில் தீர்ப்புப் பெற்றவர்கள் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வீட்டுக்குப் போனார்கள்.

பாதிக்கப்பட்ட வியட்நாமியர் அதே 1992இல் 'டியென் ஹொங்' என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். 'ஒரே கூரையின்கீழ் ஒன்றாக' என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. மொழி கற்றுக்கொடுத்தார்கள், தங்கும் உரிமைக்கான தாள்களோடு அலுவலகங்களுக்கு அலைந்தார்கள். பிற நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் சங்கத்தின் கதவு திறந்தது.

தோழர்களே, இன்று பாராட்டப்படும் அந்த மக்கள் 1992இலும் உழைப்பாளிகளாகத்தான் இருந்தார்கள். அன்றும் வம்புக்குப் போகவில்லை. அந்த நல்ல குணம் ஒரு கல்லைக்கூடத் தடுக்கவில்லை. 'ஒழுங்காக இருந்தால் உன்னை விட்டுவிடுவார்கள்' என்று நம் பிள்ளைகளுக்கும் அறிவுரை சொல்லப்படுகிறது. நன்றாகப் படிக்க வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் உரிமை என்பது நன்னடத்தைக்குக் கிடைக்கும் பரிசாக இருக்க முடியாது. பரிசாகக் கொடுத்ததை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வார்கள்.

அடுத்த முறை ஒரு சமூகத்தைப் புகழ்ந்து இன்னொரு சமூகத்தின் தலையில் யாராவது குட்டினால், ரோஸ்டாக்கில் என்ன நடந்தது என்று அவர்களிடம் கேளுங்கள்.